மேசை மேல் ஒரு போர்க்களம்: புனேயின் தீபாவளிக் கோட்டைக்கும் மினியேச்சர் வார்கேமிங்குக்கும் என்ன தொடர்பு?

தீபாவளி நெருங்கும் நாட்களில் புனேயின் போபோடி, கட்கி, தாபோடி பக்கம் நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. அபார்ட்மென்ட் வாசல், பார்க்கிங் ஓரம், மாடிப்படிக்குக் கீழே என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து செங்கல், கல், கோணிச் சாக்கு, செம்மண் வைத்து ஒரு மலையை எழுப்பிக்கொண்டிருப்பார்கள். மலையைச் சுற்றி மதில், கொத்தளம், படிக்கட்டு. உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி. படிகளில் வாளும் கேடயமுமாகக் களிமண் வீரர்கள். சரிவில் தூவிய கடுகு நாலைந்து நாளில் முளைத்துப் பச்சைப் புல்வெளியாகிவிடும். மராத்தியில் இதற்குப் பெயர் ‘கில்லா’. கோட்டை என்று அர்த்தம்.

வேலைக்காகப் புனே வந்த தமிழர்களுக்கு முதல் தடவை பார்க்கும்போதே "அட, இது நம்ம கொலு பார்க் மாதிரியே இருக்கே" என்று தோன்றும். கொலுப் படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, வெந்தயமோ கேழ்வரகோ முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, குட்டிக் கோயிலும் ரோடும் அமைப்போமே, அதேதான். நவராத்திரிக்கு நாம் கட்டுவதை தீபாவளிக்கு இவர்கள் கட்டுகிறார்கள். நம்முடையது ஊர், இவர்களுடையது கோட்டை.

உலகத்தின் இன்னொரு மூலையில் இதே வேலையைப் பெரியவர்கள் வருடம் முழுக்கச் செய்கிறார்கள். அவர்களிடம் கூடுதலாக ஒரு பகடை, ஒரு இன்ச் டேப், ஒரு விதிப் புத்தகம் இருக்கும். அந்தப் பொழுதுபோக்குதான் மினியேச்சர் வார்கேமிங். அது என்ன, எங்கிருந்து வந்தது, இந்தியாவில் ஏன் விலை அதிகம், குறைந்த செலவில் எப்படித் தொடங்கலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

மினியேச்சர் வார்கேமிங் என்றால் என்ன?

ஒரு பெரிய மேசை. வழக்கமாக 6 அடி நீளம், 4 அடி அகலம். அதன் மேல் குன்று, ஆறு, காடு, வீடு, மதில் எல்லாம் சிறிய அளவில் செய்து வைத்திருப்பார்கள். இந்த நிலப்பரப்புக்கு வார்கேமிங் உலகில் பெயர் ‘டெரெய்ன்’. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தங்கள் படை உருவங்களை மாறி மாறி நகர்த்துவார்கள்.

மேசையில் கட்டம் கிடையாது. நகர்வை இன்ச் டேப்பால் அளக்க வேண்டும். காலாட்படை ஒரு முறைக்கு 6 இன்ச், குதிரைப்படை 12 இன்ச் என்பது போல விதி இருக்கும். சுடுவது, வெட்டுவது, பயந்து ஓடுவது எல்லாவற்றையும் பகடை தீர்மானிக்கும்.

இங்கே நிலத்துக்கும் வேலை உண்டு. சேற்றில் இறங்கினால் வேகம் பாதி. மதிலுக்குப் பின்னால் நின்றால் உங்களைச் சுடுவது கடினம். குன்று மறைத்தால் எதிரியைப் பார்க்கவே முடியாது. குனிந்து, உங்கள் சிப்பாயின் கண் உயரத்திலிருந்து பார்த்து, "அவன் தெரியறானா இல்லையா" என்று இருவரும் வாதாடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

சதுரங்கத்திலிருந்து எங்கே பிரிந்தது?

போரை விளையாட்டாக்கும் யோசனை நமக்குப் புதிதல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம் என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆனால் சதுரங்கப் பலகையில் 64 கட்டமும் ஒன்றுதான். மேடு, பள்ளம், ஆறு எதுவும் இல்லை.

1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஜோஹான் ஹெல்விக் அதே கட்டங்களுக்கு நிலத்தின் வண்ணங்களைப் பூசினார். இந்த நிறம் மலை, அந்த நிறம் தண்ணீர் என்று பிரித்ததும், எந்தக் கட்டத்தில் எந்தப் படை போக முடியும் என்ற கேள்வி விளையாட்டுக்குள் நுழைந்தது.

1812-ல் பிரஷ்யாவைச் சேர்ந்த கெயோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ், மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நிலத்துண்டுகள் கொண்ட ஒரு மேசையையே செய்து தன் அரசருக்குக் கொடுத்தார். அவர் மகன் 1824-ல் அதை வரைபடத்தின் மேல் ஆடும் முறையாக மாற்றினார். ‘க்ரீக்ஸ்பீல்’ என்ற அந்த ஆட்டம் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சியானது. இன்று உலகெங்கும் ராணுவங்கள் நடத்தும் வார்கேம்களுக்கு இதுதான் மூத்த பாட்டன்.

வீட்டுக்குள் கொண்டுவந்தவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1913-ல் வெளியான ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தில், பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் விதிகளை எழுதினார். அதன் பிறகு 1970-களில் இந்த மரபிலிருந்து கற்பனை உலகங்கள் கிளைத்தன. 1971-ல் வந்த ‘செயின்மெயில்’ என்ற மினியேச்சர் விதித்தொகுப்பிலிருந்துதான் 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வளர்ந்தது. பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் ‘வார்ஹாமர்’, 1987-ல் ‘வார்ஹாமர் 40,000’ ஆட்டங்களைக் கொண்டுவந்தது. பொம்மைச் சிப்பாய் விற்கும் அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் டாப் 100 பட்டியலுக்குள் நுழைந்தது. ‘சின்னப் பசங்க விளையாட்டு’ என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

கில்லா: விதி மட்டும் இல்லாத டெரெய்ன்

புனேக்குத் திரும்புவோம். கில்லா கட்டும் பிள்ளைகள் செய்வதைப் பட்டியலிட்டால் ஒரு டெரெய்ன் கலைஞரின் வேலைப் பட்டியல் மாதிரியே இருக்கும்.

• செங்கல், கல், உடைந்த ஓடு வைத்து எலும்புக்கூடு
• அதன் மேல் நனைத்த சாக்கு. மண் வழுக்காமல் பிடிக்க
• சாக்கின் மேல் குழைத்த செம்மண். விரலால் பாறை மடிப்பு
• அட்டையில் அல்லது மண்ணில் மதில், கொத்தளம், வாசல்
• கடுகு முளைத்துப் புல், தட்டில் தண்ணீர் ஊற்றிக் குளம்
• கடைசியாக உருவங்கள்: ராஜா, மாவளே எனப்படும் வீரர்கள், பீரங்கி, குகையில் புலி, அடிவாரத்தில் விவசாயி

உருவங்கள் கஸ்பா பேட் பகுதியின் கும்பார்வாடாவிலும், தீபாவளிக்கு முன்பு தெருவோரக் கடைகளிலும் கிடைக்கும். ராய்கட், பிரதாப்கட், சிந்துதுர்க் என்று நிஜக் கோட்டையைப் பார்த்து அச்சு அசலாகக் கட்டுபவர்கள் உண்டு. அதற்குப் போட்டிகளும் பரிசும் உண்டு.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ரெடிமேட் கில்லாவும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. மண் கிடைக்காத, இடம் இல்லாத பிளாட் வாழ்க்கையில் அது வசதிதான். ஆனால் வாங்கி வைத்த கோட்டையில் ஒரு விஷயம் போய்விடுகிறது. மண் குழைத்துக் கட்டும் பிள்ளை "பாதை ஏன் நேரா போகாம இப்படி வளையுது?" என்று யோசித்தே ஆக வேண்டும். வளைவில்தான் வாசலை மறைக்க முடியும், எதிரியின் பக்கவாட்டைத் தாக்க முடியும் என்பது கட்டும்போது கைக்குத் தெரிகிறது. வார்கேமிங் இதே அறிவை இன்னொரு படி மேலே கொண்டுபோகிறது. அப்படிக் கட்டிய பாதையில் படையை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறது.

போபோடிக்குப் பக்கத்திலேயே ஒரு போர்க்களம்

நிலம் எப்படிப் போரை மாற்றும் என்பதற்கு உதாரணம் தேடி வாட்டர்லூ வரை போக வேண்டாம். புனே மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் தாபோடி, போபோடி, கட்கி அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். தாபோடிக்கும் போபோடிக்கும் நடுவில் முளா ஆறு. இந்த வட்டாரத்தில்தான் 1817 நவம்பர் 5 அன்று கட்கிப் போர் நடந்தது. மூன்றாவது ஆங்கிலேய-மராட்டியப் போரின் முதல் பெரிய மோதல்களில் ஒன்று இது.

பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் பர்வதி குன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய தளபதி பாபு கோகலே படையை நடத்தினார். படை கணேஷ்கிந்த் பக்கம் அணிவகுத்து நின்றது. இன்று சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் இருக்கும் இடம். எதிரே ரெசிடென்ட் எல்ஃபின்ஸ்டனும் கர்னல் பர் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும். கேப்டன் ஃபோர்டின் பட்டாலியன் தாபோடியிலிருந்து வந்து இவர்களோடு சேர வேண்டியிருந்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் கம்பெனிப் படை சுமார் 2,800. மராட்டியப் படை, ஆங்கிலேயர் எழுதிய பதிவுகளின்படி, 25,000-க்கும் மேல்; அதில் பெரும்பகுதி குதிரைப்படை. ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கு.

நடந்தது இதுதான். கம்பெனியின் ஒரு சிப்பாய்ப் படைப்பிரிவு எதிரியைத் துரத்திக்கொண்டு வரிசையை விட்டு முன்னே போய்விட்டது. சரியான தருணம் என்று கோகலே குதிரைப்படையை அதன் மேல் பாயவிட்டார். ஆனால் இடையில் யாரும் எதிர்பாராத ஆழமான சேற்றுநிலம். முன்னால் வந்த குதிரைகள் அதில் சிக்கி உருள, பின்னால் வந்தவை அவற்றின் மேல் மோத, பாய்ச்சல் குலைந்தது. அதுவரை சுடாமல் காத்திருந்த சிப்பாய்கள் அப்போது சுட்டார்கள். அன்று களத்தில் இருந்த, பிற்காலத்தில் மராட்டியர் வரலாறு எழுதிய ஜேம்ஸ் கிராண்ட் டஃப் இந்தச் சேற்றைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார்.

கம்பெனித் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து 86 பேர். மராட்டியத் தரப்பில் சுமார் 500. நவம்பர் 17 அன்று ஷனிவார் வாடாவில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. பேஷ்வா ஆட்சியின் முடிவு அடுத்த வருடம்.

ஒழுங்கு, துப்பாக்கிப் பயிற்சி, தலைமையில் இருந்த உட்பூசல் என்று இந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ‘2,800 பேர் 25,000 பேரை விரட்டினார்கள்’ என்று ஒரு வரியில் படித்தால் அது வெறும் வீரக்கதை. அந்தச் சேற்றை மேசையில் வைத்துப் பார்த்தால்தான் கதைக்குள் இருக்கும் கணக்கு தெரியும்.

அந்தக் கணக்கை ஆடிப் பார்ப்போமா?

இது எளிமையாக்கிய ஒரு விதி. ஒரு பக்கம் 10 சிப்பாய் உருவங்கள். எதிரே 24 இன்ச் தூரத்தில் 12 குதிரை வீரர்கள். குதிரை ஒரு முறைக்கு 12 இன்ச் போகும். துப்பாக்கி 12 இன்ச் வரை சுடும். ஒரு உருவத்துக்கு ஒரு பகடை. 4, 5, 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் காலி. அதாவது 10 பகடை உருட்டினால் சராசரியாக 5 பேர் விழுவார்கள்.

சேறு இல்லாவிட்டால்: முதல் முறை குதிரை 12 இன்ச் வருகிறது. சிப்பாய்கள் ஒரு தடவை சுடுகிறார்கள். 12-ல் 5 போய் 7 மிச்சம். அடுத்த முறை 7 குதிரையும் வரிசைக்குள் புகுந்துவிடும். சிப்பாய்கள் பாடு திண்டாட்டம்.

கடைசி 12 இன்ச் சேறு என்றால்: வேகம் பாதி. 12 இன்ச்சைக் கடக்க ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை. நடுவே இன்னொரு தடவை சுடுவார்கள். 7-ல் 5 போய் 2 மிச்சம். இரண்டு குதிரையால் ஒன்றும் ஆகாது.

இரண்டு ஆட்டத்திலும் ஆட்கள், துப்பாக்கி, வீரம் எல்லாம் ஒன்றே. மாறியது ஒரு அடி நீளமுள்ள பழுப்பு நிறத் துணி மட்டும்தான்.

"சேறு எங்கேனு தெரிஞ்சா சுத்திப் போயிடுவாங்களே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்குத்தான் பல விதிகளில் மறைந்த நிலம் என்று ஒன்று உண்டு. மேசையில் ஆறு இடங்களில் எண் போட்ட சீட்டு வையுங்கள். முதல் படை ஏதாவது ஒரு சீட்டைத் தொடும்போது பகடை உருட்டி, எந்த எண்ணில் சேறு என்று முடிவு செய்யுங்கள். இருவருக்கும் கடைசி வரை தெரியாது. க்ரீக்ஸ்பீலில் நடுவர் ஒருவர் இருந்து, யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்த்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

உருவ அளவு, நில அளவு: ஏன் இரண்டும் ஒத்துவராது?

கடைகளில் ‘28 மி.மீ.’, ‘15 மி.மீ.’, ‘6 மி.மீ.’ என்று பார்ப்பீர்கள். அது ஒரு மனித உருவத்தின் தோராயமான உயரம். 168 செ.மீ. உயரமுள்ள ஒருவரை 28 மி.மீ. ஆக்கினால், அளவு 1-க்கு 60.

அதே அளவில் நிலத்தைச் சுருக்கினால் என்ன ஆகும்? களத்தின் நீளம் 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மேசை 50 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு சொசைட்டியின் முழு பார்க்கிங்கும் போதாது. அதனால் வார்கேமர்கள் இரண்டு அளவு வைத்துக்கொள்கிறார்கள். உருவம் ஒரு அளவு, தூரம் இன்னொரு அளவு. 6 அடி மேசையில் 3 கி.மீ. அடக்கினால், ஒரு இன்ச் சுமார் 42 மீட்டர்.

எண்ணிக்கைக்கும் இப்படித்தான். ஒரு உருவம் 100 பேருக்குச் சமம் என்றால் கட்கிப் போருக்குக் கம்பெனிப் பக்கம் 28 உருவம், மராட்டியப் பக்கம் 250-க்கு மேல். ஒரு உருவம் 20 பேர் என்றால் 140-க்கு எதிராக 1,250. பெயின்ட் அடிக்கவே வருடம் ஓடிவிடும்.

ஆக முதலில் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்: முழுப் போரையும் ஆடுவதா, அந்தச் சேற்றுத் துண்டை மட்டும் ஆடுவதா? புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. மேலே போட்ட கணக்கும் அதற்கானதுதான். அதில் 12 இன்ச் என்பது சுமார் 100 மீட்டர்.

இந்தியாவில் ஏன் இவ்வளவு விலை?

வெளிநாட்டு மினியேச்சர் பெட்டியை ஆர்டர் போட்டவர்கள் செக் அவுட் பக்கத்திலேயே அதிர்ந்திருப்பார்கள். காரணம் பெரும்பாலும் வரி. சுங்க வரிப் பட்டியலில் 9503 என்ற தலைப்பின் கீழ் பொம்மைகள் வருகின்றன. ‘பொழுதுபோக்குக்கான சிறிய அளவு மாதிரிகள்’ என்பதும் அதே தலைப்பில்தான். இந்தத் தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. பொருள் விலை, ஷிப்பிங் கட்டணம் இரண்டின் மேலும் இந்த வரி ஏறும். மற்ற வரிகள் அதற்கு மேல்.

உள்ளூர் பொம்மைத் தயாரிப்பை வளர்ப்பதுதான் அரசின் நோக்கம். ஆனால் 28 மி.மீ. அளவில் நெப்போலியன் காலத்துச் சிப்பாயோ விண்வெளி வீரரோ தயாரிக்கும் பெரிய தொழில் இங்கே இல்லை. அதனால் வரிச் சுமை நேராகப் பொழுதுபோக்காளர் தலையில் இறங்குகிறது. இதற்கு நான்கு வழிகள் உண்டு.

1. காகித உருவங்கள். தடித்த தாளில் கலர் பிரின்ட் எடுத்து, மடித்து, அடியில் நாணயமோ அட்டையோ ஒட்டினால் படை தயார். செலவு பிரின்ட் அவுட் காசு மட்டும்.

2. 1:72 அளவு பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஒரே பெட்டியில் 40-50 உருவம் வரும். தலைக்குக் கணக்குப் போட்டால் 28 மி.மீ. உருவத்தைவிட மிகவும் மலிவு.

3. 3டி பிரின்டிங். ஃபைலை வாங்கி உள்ளூரிலேயே பிரின்ட் எடுக்கலாம். ரெசின் பிரின்டர் வீட்டில் வைத்தால் கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். கெட்டியாகாத ரெசின் தோலுக்குக் கெடுதல்.

4. களிமண் பொம்மைகள். கும்பார்வாடா மாவளேயோ, பண்ருட்டி, விளாச்சேரி கொலு பொம்மையோ, அளவு ஒத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்த உருவம் வைக்க வேண்டும் என்று பகடைக்கு ஒரு நிபந்தனையும் இல்லை.

விதிகளுக்கும் காசு தேவையில்லை. ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ போன்ற இலவச விதித்தொகுப்புகள் இருக்கின்றன. நாலு பக்கத்தில் நீங்களே எழுதலாம்.

முதல் டெரெய்ன் கட்டுவது எப்படி?

ஒரு முன்குறிப்பு. வெளிநாட்டு வீடியோக்களில் ஃபோம் ஷீட்டை வெட்டி வெட்டி மலை செய்வார்கள். மகாராஷ்டிராவில் 2018 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக், தெர்மாகோல் தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அடக்கம். அதனால் புனேயில் இருப்பவர்கள் வீட்டில் குவியும் டெலிவரி அட்டைப் பெட்டிகளிலிருந்து தொடங்குவதே நல்லது. வேறு ஊரில் ஃபோம் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்பிரே பெயின்ட் நேராகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். முதலில் ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து ஒரு கோட் அடிக்க வேண்டும்.

குன்று: அட்டையைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று வட்டமாக வெட்டி அடுக்குங்கள். ஓரங்களைக் காகிதக் கூழால் சரிவாக்குங்கள். மேலே உருவம் நிற்கும் அளவுக்குத் தட்டை இருக்கட்டும். அழகான கூர்மையான சிகரத்தில் சிப்பாய் நிற்க மாட்டான்.

மண்: தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசி, சலித்த மணல் தூவுங்கள். டீ போட்டு மீந்த தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் காட்டு மண் மாதிரியே இருக்கும். காயாமல் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

பாறை நிறம்: முதலில் அடர் பழுப்பு. காய்ந்ததும் பிரஷ்ஷில் வெளிர் நிறம் தொட்டு, அதைப் பழைய துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் லேசாக உரசுங்கள். மேட்டில் மட்டும் வெளிச்சம் விழுந்தது போல ஆகிவிடும். ‘டிரை பிரஷ்’ என்ற இந்த ஒரு வித்தை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மரம், முள்வேலி, புல்: தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர், காய்ந்த பூங்கொத்துத் தண்டு, பல் குத்தும் குச்சி.

சேறு: பழுப்புத் துணியில் ஃபெவிகாலைத் தடிமனாக ஊற்றிக் காயவிடுங்கள். மேலே மினுமினுப்பு வரும்.

அளவு சரியா என்று எப்போதும் ஒரு உருவத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கதவு தோள் உயரம் இருந்தால் கோட்டை பொம்மை வீடாகிவிடும். எல்லாவற்றையும் பலகையோடு ஒட்டிவிடாமல் தனித்தனித் துண்டாக வைத்தால், ஒரே ஷூ பெட்டிக்குள் அடங்கும். ஒவ்வொரு வாரமும் புதுக்களம் அமைக்கலாம். ரூம்மேட்டோடு ஒன் பிஎச்கே-யில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

போரை விளையாட்டாக்குவது சரியா?

நியாயமான கேள்வி. கட்கிப் போரில் இரண்டு பக்கமும் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்தான். கம்பெனிக்காகச் சுட்டவர்களில் பெரும்பாலோரும் இந்தியச் சிப்பாய்களே. இதே கட்கியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் பெரிய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. மேசையில் ‘5 பேர் காலி’ என்று சொல்வது எளிது.

வெல்ஸுக்கும் இந்த உறுத்தல் இருந்தது. அவர் போரை வெறுத்தவர். நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்பதைக் காட்ட இந்த விளையாட்டே போதும் என்ற வாதத்தோடுதான் தன் புத்தகத்தை முடித்தார். மறுவருடமே முதல் உலகப் போர் வந்தது. விளையாட்டு போரைத் தடுக்கவில்லை.

ஆனால் ஆடிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் மாறும். வரலாற்றுப் பாடத்தில் வெற்றியும் தோல்வியும் முன்பே எழுதி வைத்தது போலத் தெரியும். மேசையில் அது எவ்வளவு அற்பமான விஷயங்களில் தொங்குகிறது என்று தெரியும். ஒரு படைப்பிரிவு பத்து நிமிடம் தாமதம், ஒரு சேறு, ஒரு மோசமான பகடை. ‘எங்கள் இனம் வீரமானது, அதனால் வென்றோம்’ என்று யாராவது சொன்னால், சேறு எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். வாட்ஸ்ஆப் வரலாறு ஓடும் காலத்தில் இது சின்ன லாபம் இல்லை.

தமிழர்கள் கட்ட வேண்டிய கில்லா

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. பட்டியலின் தலைப்பிலேயே ‘நிலப்பரப்பு’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். மதிலோடு சேர்த்து, மதில் நிற்கும் மலைக்கும் கிடைத்த அங்கீகாரம் அது.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். பின்னர் அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிராவிலிருந்து தப்பி அங்கே வந்தார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. எட்டு வருடம் ஒரு பேரரசைத் தடுத்து நிறுத்தியதில் நிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு: முக்கோணமாக நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் நீண்ட மதில், ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாலம் போட்டால் மட்டுமே கடக்க முடிகிற ஒரு பாறைப் பிளவு.

ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். 28 மி.மீ. உருவ அளவில் கட்டினால் 4 மீட்டர், கூரை இடிக்கும். 6 மி.மீ. அளவில் சுமார் 80 செ.மீ.; பார்க்கிங் ஓரத்தில் தாராளமாக நிற்கும். மூன்று செங்கல் குவியல், நாலு சாக்கு, ஒரு மூட்டை செம்மண், ஒரு பிடி கடுகு போதும். அந்தப் பிளவை மட்டும் மறக்காமல் விடுங்கள், மேலே ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் பாலமாக வையுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "இது எந்தக் கில்லா?" என்று வந்து கேட்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, கையில் ஒரு பகடையைக் கொடுத்து, குச்சியை எடுத்துவிட்டு, "இப்போ மேலே ஏறு பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.